ஆர்ஓ (தண்ணீர் சுத்திகரிப்பான்) அடியில் வைத்த கசிவு சென்சார் அடிக்கவில்லை, மாடியில் இருப்பது ஆஃப்லைன் – உதவி தேவை

கேள்வி (கிருஷ்ணகிரி, பழையபேட்டை)
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது பேட்டரியில் ஓடும் ஜிக்பீ (கம்பியில்லாத் தொடர்பு முறை) கசிவு சென்சார்கள், அவற்றை இணைக்கும் மையக் கருவியான ஹப் ஹாலில். ஆர்ஓ அடியில் உள்ளதன் மேல் போர் தண்ணீர் பட்டால் உடனே அடிக்கிறது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் சத்தமே இல்லை. மாடிப்படி ரூமில் இருப்பது கரண்ட் போய் வந்தால் ஆஃப்லைன் ஆகிவிடுகிறது, பேட்டரி புதுசு. ஹப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் (போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யும் பிளக்) இருக்கிறது. கசிந்தால் தண்ணீர் தானாக நிற்க சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு) போடலாமா? டேங்க், சமையலறைக் குழாயை விட 3 மீட்டர்தான் உயரம்.

பதில் (தர்மபுரி)
சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது சார். அடியில் இருக்கும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே தண்ணீர் வழியாகக் கரண்ட் பாய்ந்தால்தான் அது அடிக்கும். நம்ம பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் சட்டென்று பாயும். ஆர்ஓ உப்பை எடுத்துவிடுகிறது, சில மாடல்களுக்கு அது போதாது.

ஆனால் ஆர்ஓவில் ஒழுகுவது பெரும்பாலும் உள்ளே வரும் பைப், முன் ஃபில்டர் கிண்ணம், கழிவுநீர் டியூப். அங்கெல்லாம் உப்புத் தண்ணீர்தான், சென்சாரை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். சுத்த நீர்த் தொட்டிப் பக்கமும் கண்காணிக்க வேண்டுமென்றால், மெல்லிய பருத்தித் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து, நன்றாகக் காயவைத்து, சென்சாருக்கு அடியில் விரியுங்கள். நல்ல தண்ணீர் பட்டாலும் துணியிலுள்ள உப்பு கரைந்து கரண்ட் பாயும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்த உப்பே கசிந்து பொய் அலாரம் தரும், அப்போது எடுத்துவிடுங்கள். புள்ளிகளும் துருப்பிடிக்கும், அவ்வப்போது பாருங்கள்.

இன்னொன்று: போர் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் புள்ளிகளில் வெள்ளையாகப் படியும். தடித்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் அடிக்காது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து வையுங்கள். தரை சரிவாக இருந்தால் தாழ்ந்த மூலைதான் சரியான இடம்.

பதில் (பாலக்கோடு)
மாடி விஷயம் பிளக்கில் இருக்கு அண்ணா. பேட்டரி சென்சார்கள் மற்ற கருவிகளின் சிக்னலைக் கடத்தாது, கரண்டில் ஓடும் கருவிதான் கடத்தும். உங்க பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லாவிட்டால் கரண்ட் போனதும் மாடி சென்சாருக்கு வழி அறுந்துவிடும். சில சென்சார்கள் வேறு வழியைத் தேடவே மெனக்கெடாது. பிளக்கையும் ஹப்பையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றி, பிளக் பக்கத்திலேயே வைத்து சென்சாரை மறுபடி இணையுங்கள். ஹப், கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி டாங்கிளா? யுஎஸ்பி 3 போர்ட், ஜிக்பீ ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வையுங்கள்.

பதில் (தர்மபுரி)
சோலினாய்டு வேண்டாம் சார். 3 மீட்டர் உயரம் என்றால் அழுத்தம் சுமார் 0.3 பார்தான். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது பைலட் வகை, அதாவது உள்ளே ஒரு சின்னத் துளை வழியாகத் தண்ணீர் அழுத்தத்தையே வைத்து வேலை செய்வது, அதற்குக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அந்தச் சின்னத் துளையை நம்ம தண்ணீர் உப்பு அடைத்துவிடும். மோட்டார் வைத்த பால் வால்வு (துளையுள்ள உருண்டை திரும்பி மூடும் ball valve) போடுங்கள், அழுத்தமே இல்லாவிட்டாலும் மூடும். மாதம் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள், இல்லையென்றால் உப்பு பிடித்து இறுகிவிடும்.

கேட்டவர்
நன்றி. ஆர்ஓவுக்கு மட்டும் போதும் என்றால், அதன் கரண்டை ஸ்மார்ட் பிளக்கில் நிறுத்தினால் ஆகாதா?

பதில் (தர்மபுரி)
பாதி ஆகும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், உள்ளே இருக்கும் 24 வோல்ட் வால்வும் மூடிக்கொள்ளும். ஆனால் வெளியே தொங்கும் முன் ஃபில்டர் கிண்ணம் பொதுவாக அந்த வால்வுக்கு முன்னால் இருக்கும். அது விரிசல் விட்டால் பிளக் எதையும் தடுக்காது. பால் வால்வை கிண்ணத்துக்கும் முன்னால், சுவர்க் குழாயிலேயே பொருத்துங்கள்.