உதவி: ரீசனபிள், ஜஸ்டிஃபைட், ஜஸ்டிஃபிகேஷன் – ஜெர்மனில் எதைப் போடுவது?

துளசிச்செடி:
வணக்கம், அவசரம். நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பு. ரீசனபிள் 6 இடத்தில் வருகிறது, எல்லாவற்றுக்கும் ஃபெர்னுன்ஃப்டிக் போட்டேன். சரிபார்க்கிறவர் 4 இடத்தில் அடித்துவிட்டு ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். ஜஸ்டிஃபைட், ஜஸ்டிஃபிகேஷன் இரண்டுக்கும் அதே கதி. அகராதியைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுச் சொல். எது சரி?

வெண்பலகை:
என்ன உரை அது? சட்டமா, தத்துவமா, மென்பொருள் மெனுவா? பத்தியை இரண்டு ஓரமும் சீராக அமைப்பதற்கும் ஆங்கிலத்தில் ஜஸ்டிஃபைட் என்றுதான் பெயர், அதற்கு ஜெர்மனில் ப்ளாக்சாட்ஸ். வாக்கியம் தெரியாமல் எதைச் சொல்வது?

மரங்கொத்தி:
ஃபெர்னுன்ஃப்டிக் போட்டதில் ஒரு தவறும் இல்லை, அடித்தவர்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் ரேஷனலையும் ரீசனபிளையும் பிரித்துப் பேசுவார். தன் இலக்குக்குத் தோதான வழியைத் தேர்ந்தெடுக்கிறவன் முதல் வகை. மற்றவர்களும் ஏற்கக்கூடிய நிபந்தனையை முன்வைத்து, அதற்குத் தானும் கட்டுப்படுகிறவன் இரண்டாம் வகை. ஜெர்மனில் முதலாவதை ராட்ஸியோனால் என்றும் இரண்டாவதை ஃபெர்னுன்ஃப்டிக் என்றும் எழுதினால் அந்தப் பிரிவு அழகாக நிற்கும். என்னைக் கேட்டால் எல்லா இடத்திலும் அதையே வையுங்கள்.

சட்டக்கோல்:
தம்பி துளசிச்செடி, இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று பழைய இழைகளைக் கொஞ்சம் புரட்டிவிட்டுக் கேட்டிருக்கலாம். சரி, இன்னொரு முறை சொல்கிறேன். ஃபெர்னுன்ஃப்டிக் என்பது ஆளுக்கோ அவருடைய முடிவுக்கோ பொருந்தும், புத்தியோடு நடந்துகொள்வது என்ற அர்த்தத்தில். காலக்கெடு, விலை, இழப்பீடு என்றால் ஆன்கெமெஸ்ஸன். அதன் உள்ளே ‘அளத்தல்’ என்ற வினை இருக்கிறது, அளந்து பார்த்துப் பொருந்துவது என்று பொருள். ஒருவர் தலையில் ஒரு சுமையை ஏற்றுவது தகுமா என்று கேட்கிற இடத்தில் ட்ஸூமூட்பார், இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லே கிடையாது, ‘ரீசனபிளாக எதிர்பார்க்கலாமா’ என்று சுற்றி வளைத்துத்தான் சொல்கிறார்கள். பில்லிக் என்று எழுதிவிடாதீர்கள். 1900 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஜெர்மன் சிவில் சட்டத்தின் 315ஆம் பிரிவில் அதற்கு இன்னமும் நியாயம் என்ற பொருள் உண்டு. கடைத்தெருவில் ‘மலிவு’ என்றுதான் காதில் விழும்.

துளசிச்செடி:
மன்னிக்கவும், சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு நாட்டு நிறுவனங்களுக்கு இடையே பொருள் விற்பனை ஒப்பந்தம். வாக்கியங்கள் இப்படி: வாங்கியவர் குறையை ரீசனபிள் டைமுக்குள் தெரிவிக்க வேண்டும். ரீசனபிள் பர்சன் ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வாரோ அப்படியே பொருள் கொள்ள வேண்டும். புகார் ஜஸ்டிஃபைட் என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். விற்றவர் வித்அவுட் ஜஸ்டிஃபிகேஷன் ஒப்பந்தத்தை முறித்தால் இழப்பீடு.

சட்டக்கோல்:
இதை முதலிலேயே போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். சர்வதேசப் பொருள் விற்பனைக்கான 1980 வியன்னா ஒப்பந்தத்தின் ஜெர்மன் வடிவத்தை எடுத்துப் பாருங்கள். 39ஆம் பிரிவில் காலக்கெடுவுக்கு ஆன்கெமெஸ்ஸன், 8ஆம் பிரிவில் ஆளுக்கு ஃபெர்னுன்ஃப்டிக். ஒரே உரை, ஆங்கிலத்தில் ஒரே சொல், ஜெர்மனில் இரண்டு. அடிக்காமல் விட்ட 2 இடமும் ‘பர்சன்’ வருகிற இடம்தானே?

நூலேணி:
ஜஸ்டிஃபிகேஷனுக்கு ரெஷ்ட்ஃபெர்டிகுங்தான், வேறு யோசனையே வேண்டாம். வேதாகமத் தமிழில் நீதிமானாக்கப்படுதல் என்கிறோமே, அதுவேதான். கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன, அதன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்றவர்கள் இந்த ஒரு சொல்லின் பொருளுக்காக உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், அவ்வளவு கனமான சொல் அது.

மரங்கொத்தி:
கனமான சொல்தான், ஆனால் பேச்சில் அது இறங்கிப்போய்விட்டது. ‘நீ உன்னை ரெஷ்ட்ஃபெர்டிகன் செய்ய வேண்டியதில்லை’ என்று ஜெர்மன்காரர் சொன்னால், சப்பைக்கட்டு வேண்டாம் என்று பொருள். நாமும் ‘செய்ததை நியாயப்படுத்தாதே’ என்று சொல்லும்போது அதே கசப்பு வருகிறது.

சட்டக்கோல்:
வீட்டுப் பேச்சை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவராதீர்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 34ஆம் பிரிவும் 35ஆம் பிரிவும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆபத்திலிருந்து தப்ப ஒருவர் செய்த செயல் 34இன்படி ரெஷ்ட்ஃபெர்டிகுங் பெற்றால், செயல் சட்டவிரோதமே இல்லை. 35இல் செயல் சட்டவிரோதம்தான், செய்தவரைக் குறைசொல்ல முடியாது, அவ்வளவே. அங்கே மன்னிப்புக்கு வேறு சொல். சட்டத்தில் இந்தச் சொல் சப்பைக்கட்டுக்கு நேர் எதிர்.

நூலேணி:
அதையேதான் நானும் சொல்கிறேன், சபையிலும் அது சாக்குப்போக்கு அல்ல.

மரங்கொத்தி:
சபையில் நீதிமானாக்குகிறவர் கடவுள். வழக்கில் தன் செயலுக்கு நியாயம் காட்டுகிறவர் அந்த ஆளே. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். கேட்கிறவர் காதில் எப்படி விழுகிறது என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

வெண்பலகை:
கேள்வி கேட்டவருக்கு நாளைக் காலை கெடு, அதைப் பார்ப்போம். ‘ஜஸ்டிஃபைட் புகார்’ என்பதற்குப் பெரெஷ்டிக்ட், உள்ளே ‘உரிமை’ இருக்கிறது, புகார் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்றாகும். கடைசி வாக்கியம்தான் சிக்கல். காரணத்தை எழுதித் தராமல் முறித்தாரா, முறிப்பதற்குக் காரணமே இல்லாமல் முறித்தாரா? முன்னதற்கு ஓனெ பெக்ருண்டுங், பின்னதற்கு ஓனெ க்ருண்ட் அல்லது உன்பெரெஷ்டிக்ட். வலுவான காரணம் கையில் இருந்தும் கடிதத்தில் எழுத மறந்த விற்பனையாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். முதல் வடிவத்தின்படி அவர் இழப்பீடு கொடுக்க வேண்டும், இரண்டாவதன்படி வேண்டாம். ஆங்கிலச் சொல் இரண்டையும் தாங்கும், ஜெர்மனில் ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும், அதை மொழிபெயர்ப்பவர் தானாக முடிவு செய்யக்கூடாது. ஒப்பந்தம் எழுதியவரிடம் இன்றிரவே கேளுங்கள்.

சட்டக்கோல்:
இதை ஒப்புக்கொள்கிறேன். ரெஷ்ட்ஃபெர்டிகுங் இங்கே வேண்டாம்.

மரங்கொத்தி:
துளசிச்செடி, கேட்டீர்களா? என்ன சொன்னார்கள்?

துளசிச்செடி:
கேட்டேன். காரணத்தை எழுத்தில் தராவிட்டாலே இழப்பீடு என்பதுதான் எண்ணமாம். ஓனெ பெக்ருண்டுங் போட்டு, ‘எழுத்து வடிவில்’ என்பதையும் அவர்களே சேர்க்கச் சொன்னார்கள். அந்த 2 இடமும் ‘பர்சன்’தான். அனுப்பிவிட்டேன், நன்றி.