1991 எம்ஆர்2: வலது பக்க சைடு மிரர் அசையவில்லை, உதவி தேவை

வண்டி 1991 டொயோட்டா எம்ஆர்2, இருப்பது டொராண்டோ ஸ்கார்பரோவில். போன குளிர்காலம் முடிந்ததிலிருந்து பயணி பக்கத்துப் பவர் சைடு மிரர், அதாவது உள்ளிருந்து ஸ்விட்சால் திருப்பும் பின்பார்வைக் கண்ணாடி, எந்தத் திசையிலும் அசைவதில்லை, ஓட்டுநர் பக்கம் ஒரு குறையும் இல்லை. கதவை முழுசாகத் திறந்து வைத்தால் மட்டும் சில சமயம் லேசாக நகர்கிறது, மூடினால் மறுபடி நின்றுவிடுகிறது.

ஃபியூஸ் பார்த்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறது. ஸ்விட்சைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், அங்கிருந்து வலது பக்கம் போகும் வயர்களில் 12 வோல்ட் சரியாகக் கிளம்புகிறது, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கனெக்டருக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. அப்புறம் கண்ணாடிப் பக்கத்து கனெக்டரில் 9 வோல்ட் பேட்டரியை நேரடியாகக் கொடுத்துப் பார்த்தேன், மேல் கீழ் மோட்டார், இடம் வலம் மோட்டார் இரண்டும் ஓடின. ஆக, இரண்டுக்கும் பொதுவான வயர் கதவுக் கீல் பக்கத்தில், வண்டியிலிருந்து கதவுக்குள் வயர்கள் போகும் ரப்பர் குழாய்க்குள் முறிந்திருக்க வேண்டும். அந்த ரப்பரோ இத்தனை வருஷத்தில் இறுகிப்போய்விட்டது, இழுத்தால் கிழிந்துவிடும். கதவைக் கழற்றினால் திரும்ப இடைவெளி பிசகாமல் மாட்டுவது பெரும்பாடு, எனக்கு மனசே வரவில்லை.

கதவைக் கழற்றாமல் அந்த ரப்பருக்குள் புது வயர் இழுத்தவர்கள், எந்தப் பக்கத்திலிருந்து, எதை வைத்து நுழைத்தீர்கள்?