'பார்ட்டிஷன்' என்பதற்குத் தமிழில் எது? வெள்ளிக்கிழமைக்குள் தேவை

தஞ்சாவூர், கணினிப் பயிற்சியாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மாலை வேளைகளில் வீட்டுக் கணினி வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். கணினியின் வட்டை (ஹார்ட் டிஸ்க்) தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்க உதவும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட் பற்றிய 16 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அப்படிப் பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் ஆங்கிலத்தில் 'பார்ட்டிஷன்' என்று பெயர். அந்த ஒரே சொல்லில் நிற்கிறது.

சென்ற பதிப்பில் 'பார்ட்டிஷன்' என்பதைப் 'பகிர்வு' என்று எழுதியிருந்தேன். மாணவர் ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர், பேரனுடைய கணினியோடு ஒரு கோப்புறையைப் பகிர்ந்திருந்தார். அதை நிறுத்த நினைத்துக் கையேட்டைப் புரட்டியிருக்கிறார். 'பகிர்வை நீக்குதல்' என்ற பக்கம் கிடைத்தது. அதில் சொன்னபடியே டி டிரைவைத் தேர்ந்து, அந்தப் பகுதியையே அழிக்கும் 'டெலிட் வால்யூம்' கொடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் வந்த எச்சரிக்கைக்கு 'யெஸ்' அழுத்தினார். மகள் திருமணப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

அதன்பின் எதையும் சேமிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். அதனால் பிழைத்தோம். அழிந்தது எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அட்டவணையில் இருந்த பதிவு மட்டுமே, தரவு வட்டிலேயே இருந்தது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் மீட்டோம். ஆனால் அது தேடி முடிக்கும்வரை தோள் துண்டைக் கையில் முறுக்கியபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் சரியாகத்தான் படித்தார். நான்தான் தவறாக எழுதினேன்.

மதுரை, தமிழாசிரியர்:

பயிற்சியாளர் ஐயா, 'பாத்தி' என்று எழுதுங்கள். பகுத்தலில் பிறந்த சொல். 'பழியஞ்சிப் பாத்தூண் உடைத்தாயின்' என்ற குறளில் பாத்தூண் என்பது பகுத்து உண்ணும் ஊண். நிலத்தைப் பகுத்ததனால் அது பாத்தி. 'வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று' என்று 718இல் வருகிறது. 465ஐயும் பாருங்கள்: 'வகையறச் சூழா தெழுதல் பகைவரைப் பாத்திப் படுப்பதோ ராறு.' எல்லாப் பக்கமும் எண்ணிப் பார்க்காமல் தொடங்குவது பகைவரை நல்ல பாத்தியில் நட்டு வளர்ப்பது போன்றது. வட்டைப் பிரிக்க உட்காருபவர்க்கும் இதைவிட வேறென்ன சொல்ல?

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, குறள் இனிக்கிறது. ஆனால் அடுக்ககத்தில் வளர்ந்த பிள்ளை பாத்தியை எங்கே பார்த்திருக்கும்? 'பாகம்' போதும். பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகாத குடும்பம் உண்டா? பாகம் பிரித்தாகிவிட்டது என்றால் படிக்காத பாட்டிக்கும் புரியும். 'பிரிவினை' என்றால் 1947 நினைவுக்கு வரும். 'பிரிவு' ஏற்கெனவே ஆவணத்தின் உட்பகுதிக்குப் போய்விட்டது.

இன்னொன்று. சொல் தனியே நின்றால் போதாது, அடைமொழி தாங்க வேண்டும். வட்டின் பகுதிகளைப் பட்டியலிடும் பழைய எம்பிஆர் முறையில் நான்கு பதிவுகளுக்குத்தான் இடம். ஐந்தாவது வேண்டுமானால் ஒன்றை நீட்சி (எக்ஸ்டெண்டெட்) ஆக்கி, அதற்குள் தருக்க (லாஜிக்கல்) வகையை அமைக்க வேண்டும். புதிய ஜிபிடி முறையில் விண்டோஸ் 128 வரை அனுமதிக்கிறது. முதன்மைப் பாகம், நீட்சிப் பாகம், மீட்புப் பாகம் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

கோவை:

'பாகம்' வடசொல். சென்னை அம்மா இதை அறியாதவர் அல்லர். நம்மிடம் 'கூறு' இருக்கிறது. மீன் சந்தையில் கூறு போட்டுத்தான் விற்கிறார்கள். பகு என்ற ஒரே வேரிலிருந்து பகல், பகுதி, பக்கம், பகை, பாதி, பால் எல்லாம் கிளைத்திருக்கின்றன. அறத்துப்பாலின் பால் என்பதும் பகுப்பே. இவ்வளவு பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு ஏன் கடன் வாங்க வேண்டும்?

மதுரை:

பகு நீண்டு பாகு, அது அம் ஈறு பெற்றுப் பாகம் என்று கொள்வதற்கும் இடம் உண்டு. பகல் எப்படிப் பகுவிலிருந்து வந்தது என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம்:

வணக்கம். நீங்கள் 'வட்டு' என்கிறீர்கள், நாங்கள் 'வன்தட்டு' என்று எழுதிப் பழகியவர்கள். இப்போது வன்தட்டுக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் சுழலுவதும் இல்லை, வட்டமும் இல்லை. சில்லுகள் பதித்த பலகைக்கு வட்டு என்ற பெயர் எத்தனை நாள் ஒட்டும்? அதையும் பேச வேண்டும். பாத்திக்கு என் ஆதரவு. வெங்காயப் பாத்தி எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

தஞ்சாவூர், பயிற்சியாளர்:

நேற்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். கரும்பலகையில் நீண்ட கட்டம் ஒன்று வரைந்து, மூன்று பாத்திகளாக வரப்புப் போட்டேன். முதலாவது சி, நடுவில் விண்டோஸ் பழுதானால் உதவும் மீட்புப் பாத்தி, கடைசியில் ஒதுக்காத வெற்றிடம். சி நிரம்பிவிட்டது, பக்கத்தில் இடம் சும்மா கிடக்கிறது, ஆனால் பாத்தியை நீட்டும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' அழுத்த முடியாமல் மங்கலாகவே இருக்கிறது, ஏன் என்று கேட்டேன். வல்லத்திலிருந்து வரும் அம்மா ஒருவர், "நடுவில் அடுத்தவன் பாத்தி இருக்கும்போது வரப்பை எப்படித் தள்ளுவது?" என்றார். டிஸ்க் மேனேஜ்மென்டின் விதி அதுவேதான். வலப்பக்கம் ஒட்டினாற்போல் வெற்றிடம் இருந்தால்தான் நீட்ட முடியும். இதைப் புரியவைக்க ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அரை மணி நேரம் ஆகும்.

சென்னை அம்மா சொன்னதும் நடந்தது. நகரத்து இளைஞர் இருவர் பாத்தி என்றால் என்ன என்று கேட்டார்கள். 'பாகம்' என்றபோது யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்து வரப்பு இடைஞ்சலையும் யாரும் தாமாகச் சொல்லவில்லை.

குழு நெறியாளர்:

41 மடல்கள் ஆகிவிட்டன. இதுவரை கருத்துச் சொன்னவர்களில் பாகம் 9, பாத்தி 5, கூறு 3. கையேட்டுக்குப் 'பாகம்' என்று வைத்துக்கொள்ளலாமா? வட்டா தட்டா என்பதற்குத் தனி இழை திறக்கிறேன்.

கோவை:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். 'கூறு' என்றே தொடர்ந்து எழுதுவேன்.

தஞ்சாவூர், பயிற்சியாளர்:

அனைவருக்கும் நன்றி. தலைப்புகளில் 'பாகம்' என்றே போடுகிறேன். ஆனால் பாத்தியும் வரப்பும் வரைந்த படம் நான்காம் பக்கத்தில் இருக்கும், அதை விட எனக்கு மனம் இல்லை.

படங்களை அடுக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. 'ஷ்ரிங்க் வால்யூம்' என்பதைச் 'சுருக்கு' என்று எழுதியிருக்கிறேன். டிரைவின் பண்புகள் பெட்டியில் இடத்தை மிச்சப்படுத்தக் கோப்புகளைச் சுருக்கும் 'கம்ப்ரஸ்' வசதி இருக்கிறது. அதற்கும் 'சுருக்கு' என்றே எழுதியிருக்கிறேன். முன்னது பாகத்தின் எல்லையைக் குறைப்பது, பின்னது உள்ளிருப்பதை இறுக்குவது. தபால்காரர் இந்தப் பருவமும் வகுப்புக்கு வருகிறார். ஷ்ரிங்குக்கு 'குறுக்கு' சரிப்படுமா? நாளை மாலை நான்கு மணிக்குள் சொல்லுங்கள்.