முதல் பிரசவம், டாக்டர் இல்லாத பிரசவ மையம்: போனவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: இருபத்தேழாம் வாரம்

வணக்கம் தோழிகளே. எனக்கு 31 வயது, இது முதல் குழந்தை. 27ஆம் வாரம் நடக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சீராக இருக்கிறது, நஞ்சுக்கொடியும் மேலேதான் இருக்கிறது என்று போன ஸ்கேனில் சொன்னார்கள்.

மருத்துவச்சிகளே நடத்தும் ஒரு பிரசவ மையத்துக்குப் போன மாதம் நானும் கணவரும் போய்ப் பார்த்தோம். எங்களை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் "தொடட்டுமா?" என்று கேட்டார்கள். இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இங்கேதான் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதே மனசுக்குப் பட்டுவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "முதல் பிரசவம், டாக்டர் இல்லாத இடத்திலா?" என்று கேட்டார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி அங்கே கிடையாது. அந்த வலியை என்னால் தாங்க முடியுமா? நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வார்கள்? பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் 12 நிமிடம் ஆகும் என்கிறார்கள். அது போதுமா?

நல்லபடியாக முடிந்தவர்கள் மட்டும் இல்லாமல், நினைத்தபடி நடக்காதவர்களும் எழுதுங்கள். எனக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

பதில்: இரண்டு பெண்களின் அம்மா

தோழி, நீங்கள் கேட்ட இரண்டுமே எனக்கு நடந்திருக்கிறது. மூத்தவளைப் பெற மையத்துக்குப் போய், பாதியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டேன். இளையவளை அதே மையத்தில், அதே மருத்துவச்சியின் கையில் பெற்றேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூத்தவளுக்கு இரவு பதினொரு மணிக்கு வலி ஆரம்பித்தது. மருத்துவச்சிக்குப் போன் செய்தேன். அவர் என் பேச்சைவிட நான் பேச்சை நிறுத்தும் இடங்களைத்தான் கவனித்தார் என்று பிறகு தெரிந்தது. வலி வரும்போதும் என்னால் பேச முடிந்தது. "இன்னும் நேரம் இருக்கிறது, படுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எங்கே தூங்குவது! விடியற்காலை நாலு மணிக்குப் பிடிவாதமாகக் கிளம்பிப் போனேன். பார்த்துவிட்டு கருப்பை வாய் 3 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது என்றார். வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்து ஓய்வெடுக்கச் சொன்னார். காரில் அழுதுகொண்டே வந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்களே என்று அவ்வளவு கோபம்.

இப்போது அதன் காரணம் புரிகிறது. 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவ வலி முழு வேகம் பிடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எல்லோருக்கும் திறந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அந்தக் கட்டத்திலேயே போய்ப் படுத்துவிட்டால், ஒன்றும் நடக்கவில்லையே என்ற பதற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏதாவது செய்யத் தோன்றிவிடும்.

மதியம் மறுபடி போனபோது 6. ஆனால் அதே 6இல் நாலு மணி நேரம் நின்றுவிட்டது. மருத்துவச்சி என்னைச் சும்மா விடவில்லை. சிறுநீர் கழிக்க வைத்தார். மாடிப்படியில் பக்கவாட்டாக ஏறச் சொன்னார். இடது பக்கம் சாய்ந்து, மேல் காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுப் படுக்கச் சொன்னார். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை டாப்ளரை வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பை எண்ணினார். அந்தச் சத்தம்தான் எனக்குத் தைரியம்.

அப்புறம் பனிக்குடம் உடைந்தது. நீர் கெட்டியான பச்சையாக வந்தது. குழந்தை உள்ளேயே மலம் போயிருந்தது. துடிப்பு 140இல் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, "இப்போது அவசரம் இல்லை. அவசரம் ஆவதற்கு முன்னால் போய்விடலாம்" என்றார். ஆம்புலன்ஸில் என் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கை என் வயிற்றிலும் ஒரு கை என் கையிலுமாக வந்தார். மருத்துவமனை வாசலில் என் கோப்பைக் கொடுத்து, நடந்ததை எல்லாம் இரண்டே நிமிடத்தில் டாக்டரிடம் சொல்லி முடித்தார். அங்கே டிரிப் போட்டார்கள், எபிடியூரலும் போட்டார்கள். இரவு 9:40க்கு மகள் பிறந்தாள். 3.1 கிலோ. ஆபரேஷன் இல்லை.

உடம்பு தேறிவிட்டது. மனசுதான் தேற நாளானது. என்னால் முடியவில்லை, நான் தோற்றுவிட்டேன் என்று மாதக்கணக்கில் உள்ளுக்குள் அழுதேன். யாராவது "சுகப்பிரசவமா?" என்று கேட்டால் பதில் சொல்லவே பிடிக்காது. நீங்கள் போவதற்கு முன்னாலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். இங்கிலாந்தில் 64,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்து, பிரசவம் நடக்கும் இடங்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. மருத்துவமனையிலிருந்து தனியாக இருக்கும் மருத்துவச்சி மையங்களில், முதல் பிரசவத்துக்கு வந்தவர்களில் 100க்கு 36 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பெற்றவர்களில் 100க்கு 9 பேர்தான். சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, மருத்துவமனைக் குழந்தைகளுக்கும் மையத்துக் குழந்தைகளுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. மையத்தைத் தேர்ந்தெடுத்த தாய்மார்களுக்குச் சிசேரியனும் குறைவாகவே நடந்தது. முதல் பிரசவத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் மாற்றப்படுகிறார்கள் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், அந்த ஆம்புலன்ஸ் பயணத்தையும் பிரசவத்தின் ஒரு பகுதியாகத்தான் பார்த்திருப்பேன்.

இளையவள் கதை சின்னது. 39 வாரமும் 4 நாளும் ஆனபோது வலி வந்தது. மையத்துக்குப் போய்ச் சேரும்போதே 7 சென்டிமீட்டர். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய தொட்டியில் இறங்கினேன். இடுப்பிலிருந்து யாரோ பெரிய மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. வலி போகவில்லை. ஆனால் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கண்ணயர முடிந்தது.

வலி தாங்க முடியுமா என்று கேட்டீர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டத்தில் "என்னால் முடியாது, என்னை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்" என்று கத்தினேன். உடம்பு நடுங்கியது, வாந்தி வந்தது. மருத்துவச்சி பதறவே இல்லை. "இதைச் சொல்லிவிட்டீர்களா, அப்படியென்றால் குழந்தை கிட்டே வந்துவிட்டது" என்றார். அவர் சொன்னது சரிதான். கொஞ்ச நேரத்தில் என்னைக் கேட்காமலே உடம்பு முக்க ஆரம்பித்தது. கடைசியில் தொட்டியைவிட்டு வெளியே வந்து, நாலு காலில் தவழ்வதுபோல் இருந்துதான் பெற்றேன். தலை வெளியே வரும்போது தீ வைத்ததுபோல் எரியும். அப்போது முக்க வேண்டாம், வாயால் ஊதுங்கள் என்றார். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு துணிக்காக அவரை என் ஆயுள் முழுக்க நினைப்பேன். சின்னக் கிழிசல்தான், மரத்துப்போக ஊசி போட்டு அங்கேயே தைத்துவிட்டார். கொடியில் துடிப்பு அடங்கும்வரை குழந்தை என் நெஞ்சின் மேலேயே கிடந்தாள். அதுவரை கொடியை வெட்டவில்லை.

12 நிமிடம் போதுமா என்பதற்கு மருத்துவச்சியாக இருப்பவர்கள் யாராவது பதில் சொன்னால் நல்லது.

பதில்: மருத்துவச்சி, 19 வருடம்

நான் பிரசவ மையத்திலும் மருத்துவமனையிலும் வேலை பார்த்திருக்கிறேன். 12 நிமிடம் என்பது பயண நேரம் மட்டும்தான். அதோடு, மாற்றலாம் என்று முடிவெடுக்கும் நேரம், ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும் நேரம், அங்கே ஆபரேஷன் அறை தயாராகும் நேரம் எல்லாம் சேரும். அதனால் மையத்தில், "முடிவெடுத்ததிலிருந்து டாக்டர் பார்ப்பதுவரை மொத்தம் எவ்வளவு நேரம் ஆகிறது, கடைசியாக எப்போது ஒருவரை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல், விவரமாகப் பதில் சொன்னால் அவர்களை நம்பலாம். "எங்களிடம் அப்படி எல்லாம் ஆவதில்லை" என்று சொல்லும் இடத்துக்கு என் தங்கையை அனுப்ப மாட்டேன்.

மாற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் பேராபத்து இல்லை. பிரசவம் நகராமல் நின்றுவிடுவதும், எபிடியூரல் வேண்டும் என்று தாயே கேட்பதும்தான் அதிகம். ஆனால் நொடியில் வரும் ஆபத்து இரண்டுக்கு நாங்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தை. துடைத்துத் தூண்டியும் மூச்சு வரவில்லை என்றால், முதல் ஒரு நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் வைத்துக் காற்று கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பை அறைக்குள்ளேயே, எடுக்கும் கைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இன்னொன்று, நஞ்சு விழுந்த பிறகு நிற்காத ரத்தம். குழந்தை பிறந்ததும் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைத் தொடையில் 10 யூனிட் போட்டாலே அந்த ஆபத்து நன்றாகக் குறைகிறது. "எல்லாம் இயற்கையாகவே நடக்க வேண்டும், ஊசி வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். இந்த ஒரு ஊசியை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் மருத்துவச்சியோடு உட்கார்ந்து பேசுங்கள். ரத்தம் வேகமாகப் போகும்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வலிக்கு மையத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். வெந்நீர் இருக்கிறது, இடுப்பை அழுத்திவிடுவது இருக்கிறது. சில மையங்களில் நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆக்ஸிஜனும் பாதிக்குப் பாதி கலந்த, வலியைக் குறைக்க மூச்சில் இழுக்கும் வாயுவும் உண்டு. எபிடியூரல் இல்லாததற்குக் காரணம், அதற்கு மயக்க மருந்து டாக்டரும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும் என்பதுதான்.

பதில்: கடைசியில் சிசேரியன்

நானும் மையத்தில் பதிவு செய்துதான் இருந்தேன். 36ஆம் வாரம் ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. அன்றைக்கே மருத்துவச்சி, "இனி நீங்கள் எங்களுக்கு உரியவர் இல்லை" என்று சொல்லி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அப்போது அந்த வார்த்தை குத்தியது. பின்னால் யோசித்தால், அவர் அன்று தயங்கியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று பயமாக இருக்கிறது. ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, நஞ்சு கீழே இருப்பது, குழந்தை தலை திரும்பாமல் இருப்பது, 37 வாரத்துக்கு முன்னால் வலி வருவது, இதில் எது வந்தாலும் மையம் கிடையாது என்று முதலிலேயே மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். என் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்தது, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம் அது என்று புரிந்த பிறகுதான்.

கேள்வி கேட்டவர்: இருபத்தேழாம் வாரம்

மூன்று பேருக்கும் நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அடுத்த வாரம் மையத்துக்கு அவரும் கூட வருகிறாராம். அந்தப் பையை அவரே பார்க்க வேண்டுமாம். அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கணவர் உள்ளே என்ன செய்தார்? என்னவர் உதவ வேண்டும் என்று துடிக்கிறார், ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதில்: இரண்டு பெண்களின் அம்மா

அம்மா வருவது ரொம்ப நல்லது தங்கச்சி. பிரசவம் முடியும்வரை ஒருவர் விடாமல் கூடவே இருந்தால் தானாகப் பெற்றுக்கொள்வது அதிகம், சிசேரியன் குறைவு என்று 15,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுத் தொகுப்பு 2017இல் வந்திருக்கிறது. அதனால் உங்கள் கணவர் அங்கே இருப்பதே உதவிதான்.

என் கணவர் மூத்தவளுக்கு "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இளையவளுக்கு மருத்துவச்சி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார். பேச வேண்டாம், வலி ஏறும்போது அழுத்துங்கள், இறங்கியதும் கையை எடுங்கள், நடுவில் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள், அவ்வளவுதான். அழுத்த வேண்டிய இடம் முதுகுத்தண்டு முடியும் அந்தத் தட்டையான எலும்பு. விரலால் அழுத்தினால் பத்து நிமிடத்தில் விரல் போய்விடும். உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கையை மடக்காமல், தன் உடம்பு பாரத்தைச் சாய்த்து அழுத்த வேண்டும். அடுத்த வாரம் போகும்போது அந்த இடத்தை மருத்துவச்சியை விட்டு உங்கள் கணவருக்குத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் தினமும் இரவு ஐந்து நிமிடம் அழுத்திப் பார்க்கட்டும். எவ்வளவு அழுத்தினால் உங்களுக்குச் சுகமாக இருக்கிறது என்று அவர் கைக்கு இப்போதே பழகிவிடும். அன்றைக்கு உங்களால் வாயைத் திறந்து சொல்ல முடியாது.