மறு: ‘முனைய மின்தடை’ வேண்டாம், ‘கடைமடை’ வைப்போம்

அன்பு நண்பர்களுக்கு,

தகவல்தொடர்பு மாட்யூலைப் பொருத்தி அமைக்கும் கையேட்டின் தமிழ் வரைவைப் படித்து முடித்தேன். பெரும்பாலும் நன்றாக வந்திருக்கிறது. முக்கியமாக ஒரு சொல்லை வெளியிடும் முன் மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

> கேபிளின் முனையங்களில் 120 ஓம் முனைய மின்தடையை இயக்கவும்.

கேபிளின் இரு கோடியில் மட்டும் இருக்க வேண்டிய டெர்மினேஷன் ரெசிஸ்டரைத்தான் இப்படி எழுதியிருக்கிறோம். அகராதியைப் பார்த்தால் பிழை இல்லை. ஆனால் பேனலைத் திறந்து ஸ்க்ரூடிரைவரோடு நிற்பவருக்கு முனையம் என்றால் கம்பியைச் செருகித் திருகு முடுக்குகிற இடம். இதே கையேட்டில் இரண்டு பக்கத்துக்கு முன்னால் ‘ஏ முனையம், பி முனையம்’ என்று நாமே எழுதியிருக்கிறோம். எல்லாக் கருவியிலும் அந்த முனையம் உண்டு. அப்படியானால் எல்லாக் கருவியிலும் மின்தடையைப் போட வேண்டும் என்றுதானே படிப்பார்?

இது வெறும் ஊகம் இல்லை, நடந்ததைப் பார்த்திருக்கிறேன். இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான ஒரு பி.எல்.சி.யில், இரு கம்பியில் தகவல் அனுப்பும் ஆர்.எஸ்.-485 மாட்யூல் போட்டு, அதிலிருந்து மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐந்து டிரைவ்களுக்கு மோட்பஸ் (கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) கேபிள் இழுத்திருந்தோம். முகவரி 1 முதல் 5 வரை, வேகம் 19200, ஈவன் பேரிட்டி. எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. ஆனாலும் மூன்றாவது டிரைவ் பதில் சொல்லும், ஐந்தாவது சொல்லாது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அப்படியே மாறியிருக்கும். கேபிளைச் சந்தேகப்பட்டோம், ஷீல்டைச் சந்தேகப்பட்டோம், மாட்யூலையே கழற்றி வேறு ஒன்றைப் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏ, பி இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். இரு கோடியிலும் ஆளுக்கொரு 120 ஓம், இணையாகச் சேர்ந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். மீட்டரில் 20. பி.எல்.சி.யும் டிரைவ்களுமாக ஆறு கருவியிலும், மின்தடையை இயக்கும் குட்டி டிப் சுவிட்ச் ‘ஆன்’ பக்கம் தள்ளப்பட்டிருந்தது. தள்ளியவரிடம் கேட்டதற்குக் கையிலிருந்த தமிழ்க் குறிப்பை நீட்டினார். ‘ஒவ்வொரு முனையத்திலும்’ என்று இருந்தது. எழுதியிருந்ததை அவர் அப்படியே செய்திருக்கிறார். அவரிடம் ஒரு குறையும் இல்லை.

ஆர்.எஸ்.-485 தரநிலைப்படி, அனுப்பும் சிப் 54 ஓம் சுமையின் மேல் குறைந்தது 1.5 வோல்ட் தர வேண்டும். அதன் தலையில் 20 ஓமைக் கட்டினால் சமிக்ஞை சுருங்கிப் போகும், இரைச்சலைத் தாங்கும் தெம்பு இருக்காது. முழுசாக நின்றுவிட்டால் கூடக் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்திருப்போம். விட்டுவிட்டு வந்ததுதான் எங்களை அலைய வைத்தது. நடுவில் இருந்த நான்கு சுவிட்சுகளையும் இறக்கியதும் சரியாகிவிட்டது.

சரி, அந்த மின்தடை உண்மையில் என்ன செய்கிறது? கேபிளில் போகும் அலை கோடியை எட்டியதும், அங்கே அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் முட்டித் திரும்பும். திரும்பி வருவது அடுத்த பிட்டோடு மோதும். முறுக்கு ஜோடிக் கேபிளின் இயல்பான மின்னெதிர்ப்பும் ஏறக்குறைய 120 ஓம்தான். அதே அளவு மின்தடையத்தைக் கோடியில் வைத்தால், அலை அதற்குள் அடங்கிவிடும். ஆக, இடமும் வேலையும் இரண்டும் சொல்லுக்குள் வர வேண்டும்: கோடியில் இருப்பது, வந்ததை வாங்கி அடக்குவது.

குழுவில் வந்த சொற்களில் ‘முடிவு மின்தடை’ எனக்கு ஒட்டவில்லை. முடிவு என்றதும் தீர்மானம்தான் நினைவுக்கு வருகிறது. ‘கடைத்தடை’யைக் கடைக்குத் தடை என்று படித்துவிடலாம். ‘ஈற்று மின்தடை’ அழகான சொல். ஈற்றடி, ஈற்றெழுத்து என்று பழகியவர்களுக்கு உடனே புரியும். ஆனால் அது இடத்தை மட்டும் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை.

என் பரிந்துரை ‘கடைமடை மின்தடையம்’. பேச்சில் ‘கடைமடை’ என்றாலே போதும். வாய்க்காலில் வந்த தண்ணீர் கடைசியாகப் பாய்ந்து நிலத்தில் அடங்கும் இடம் கடைமடை. அதற்கு அப்பால் வாய்க்கால் கிடையாது. அங்கே நிலத்துக்குப் பதிலாகச் சுவர் இருந்தால், அலை முட்டித் திரும்பும். மோட்பஸ் போன்ற இன்னொரு தொழிற்சாலை இணைப்பு முறையான புரோஃபிபஸின் பல பிளக்குகளில் இந்தச் சுவிட்ச் பிளக்கிலேயே இருக்கும். அதை ‘ஆன்’ செய்தால் அடுத்த கருவிக்குப் போகும் கேபிள் துண்டிக்கப்பட்டுவிடும். ‘கடைமடைக்கு அப்பால் ஒன்றும் இல்லை’ என்பது அங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

வாய்க்காலுக்குக் கடைமடை ஒன்றுதானே, இங்கே இரண்டு வருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நடுவில் இருக்கும் டிரைவ் பதில் அனுப்பும்போது அலை இரு பக்கமும் ஓடுகிறது. அதன் பார்வையில் இரண்டு கோடியும் கடைமடைதான். அந்த வரியை இப்படி எழுதலாம்:

> கேபிள் எந்த இரு கருவிகளில் முடிகிறதோ, அந்த இரண்டில் மட்டும் கடைமடை மின்தடையத்தை இயக்கவும். நடுவில் உள்ள கருவிகளில் அணைத்து வைக்கவும். மாட்யூலே நடுவில் இருந்தால் அதிலும் அணைக்கவும்.

‘கடைமடை போட்டாச்சா?’ என்று ஒருவர் இன்னொருவரிடம் பேனலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதை எனக்குக் கற்பனை செய்ய முடிகிறது. ‘முனைய மின்தடையை இயக்கியாயிற்றா?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம், மாஸ்டர்–ஸ்லேவ் இணைக்கு ‘ஆண்டான்–அடிமை’ வரைவில் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 1979-இல் மோடிகான் மோட்பஸை வெளியிட்ட நாளிலிருந்து வந்த வழக்கம் அது. மோட்பஸ் அமைப்பே 2020-இல் அதைக் கைவிட்டு கிளையன்ட்–சர்வர் என்று மாற்றிவிட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு: கேள்வி கேட்கிற பி.எல்.சி.தான் கிளையன்ட், பதில் சொல்கிற சின்ன மீட்டர் சர்வர். ‘சேவையகம்’ என்று எழுதினால் பெரிய கணினியைத் தேடுவார்கள். ‘வினவி’ என்பது கேட்பதற்குச் சரியாக இருக்கும். பதில் சொல்வதற்கு ‘விடையி’ எழுதிப் பார்த்தேன், காதுக்கு இன்னும் பழகவில்லை. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

பேரிட்டி, பாட் ரேட், ஸ்டாப் பிட் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம். அவை மென்பொருள் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுப்பவை. திரையில் ஒரு பெயர், கையேட்டில் வேறு பெயர் என்றால் படிப்பவர் தடுமாறுவார். கை வைத்துச் செய்கிற வேலைக்குத்தான் தமிழ்ச் சொல் முதலில் வேண்டும்.

இன்னொன்று, 4-ஆம் பக்கத்தில் மாட்யூலைப் பேனலின் ரெயில் பட்டையில் ‘நிறுவவும்’ என்று இருக்கிறது. ‘பொருத்தவும்’ என்று மாற்றி, மென்பொருளுக்கு மட்டும் ‘நிறுவவும்’ வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்