பவர் பிளேவுக்குத் தமிழில் என்ன சொல்வது? பனி வளைதடியாட்டக் கலைச்சொல் விவாதம்

கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பனி வளைதடியாட்டத்தில் (ஐஸ் ஹாக்கியில்) எதிரணி ஆள் குறைந்து ஆடும்போது பவர் பிளே எனப்படும் நிலைக்குத் தமிழ்ச்சொல் கேட்டு எழுதியிருந்தேன். ஆற்றலாட்டம், வலுவாட்டம், மிகையாட்டம், ஆள்பலம் என்று நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் கருத்தைச் சொல்லுமுன், இச்சொல் எனக்கு ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதைக் கூறிவிடுகிறேன்.

2024 மே மாதம் பிராக் நகரில் உலகப் போட்டி நடந்தபோது, அங்கே மாலை எட்டு இருபதுக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தொடங்கும். சீசன் நேரம், மலையேறி வந்த வண்டிகளின் சத்தம் அப்போதுதான் அடங்கியிருந்தது. விருந்தினரை அறையில் விட்டுவிட்டுத் தூக்கம் வராமல் வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னோடு சேர்ந்து ஆட்டம் பார்த்தார். நடுவர் கையை உயர்த்தி ஊதியதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து, "பவர் பிளே!" என்று கூவினேன். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "எத்தனை ஓவர், டீச்சர்?" என்று கேட்டார். அவர்மீது பிழையில்லை. தமிழ் கேட்கும் காதுகளில் பவர் பிளே என்னும் சொல்லைக் கிரிக்கெட் முன்பே பதிவு செய்துவிட்டது. அங்கே அது களத்தடுப்பு வட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் நிற்கலாம் என்ற கட்டுப்பாடு. நான் விளக்கி முடிப்பதற்குள் கோல் விழுந்துவிட்டது. அதை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

இந்த ஆட்டத்தில் அந்த நிலை எப்படி உண்டாகிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர்: கோல் காப்பாளர் ஒருவர், மற்றவர் ஐவர். எதிராளியை மட்டையால் இடறினாலோ, கொக்கிபோல் மாட்டி இழுத்தாலோ, வெட்டுவதுபோல் அடித்தாலோ, குற்றம் செய்தவர் தண்டனைக் கூண்டில் சென்று அமர வேண்டும். (தடியைக் கோல் என்று எழுதவே எனக்கு விருப்பம், ஆனால் இலக்கும் கோல், தடியும் கோல் என்றால் வருணனை என்ன ஆகும்!) சிறு குற்றத்துக்கு இரண்டு நிமிடம், பெருங்குற்றத்துக்கு ஐந்து நிமிடம். அதுவரை அவர் இடத்தில் வேறொருவர் இறங்க முடியாது. எஞ்சிய நால்வரும் தம் கோலுக்கு முன்னால் ஒரு சதுரமாகச் சுருங்கி நிற்பார்கள். எதிரணியின் ஐவர் அச்சதுரத்தைச் சுற்றி, பந்துக்குப் பதிலாக ஆடும் வட்டைக் கைமாற்றிக் கைமாற்றி, அது எங்கே ஒரு சாண் விரியும் என்று காத்திருப்பார்கள். பார்க்கிறவருக்கு மூச்சு விட மறக்கும் நேரம் அது.

சிறு குற்றத்துக்கான தண்டனை, குற்றம் செய்த அணி கோல் வாங்கிவிட்டால் அப்போதே தீர்ந்துவிடும். முன்பு அப்படியில்லை. 1955 நவம்பர் 5 அன்று மான்ட்ரியால் அணியின் ழான் பெலிவோ, பாஸ்டன் அணி ஆள் குறைந்து நின்ற ஒரே இடைவெளியில் 44 விநாடிகளுக்குள் மூன்று கோல் அடித்தார். மறு ஆண்டே வட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் விதியை மாற்றிவிட்டார்கள். ஆகவே நாம் எழுதப்போகும் விளக்கத்தில் 'இரண்டு நிமிடம்' என்று நேரத்தைக் கட்டிப்போடக் கூடாது.

வட்டு என்று நான் மேலே எழுதியது, மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் 156 முதல் 170 கிராம் வரை எடையும் கொண்ட ரப்பர்த் தட்டை. வன்வட்டு, குறுவட்டு, வட்டெறிதல் என்று அச்சொல் ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது என்றாலும், அரங்கின்றி வட்டாடுவதைப் பற்றி 401ஆம் குறளே பேசும்போது வேறு சொல் தேட எனக்கு மனம் வரவில்லை. போதிய நூலறிவில்லாமல் அவையில் பேசுவோரைக் குறித்த குறள் அது என்பதும் நினைவிருக்கிறது.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். ஆற்றலாட்டமும் வலுவாட்டமும் பவர் என்பதை அகராதியில் பார்த்துச் செய்தவை. ஒரு பக்கம் ஆள் கூடியிருக்கிறது என்பதே இந்நிலையின் உயிர். அதை இரண்டும் சொல்லவில்லை. மிகையாட்டம் என்றதும் மிகை நடிப்புத்தான் நினைவுக்கு வருகிறது. ஆள்பலம் நல்ல பேச்சுச் சொல், ஆனால் அதில் தேர்தல் வாடை வீசுகிறது. இந்த ஆட்டத்தில் தேர்ந்த பிற மொழியினர் எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: ரஷ்யர் இதைப் 'பெரும்பான்மை' என்கிறார்கள், ஜெர்மானியர் 'மிகை எண்ணிக்கை' என்னும் பொருள்படச் சொல்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை: ஆள்மிகை. எதிரணியின் நிலை ஆள்குறை. எங்கள் பள்ளித் திடலில் சடுகுடு ஆடும் பிள்ளைகள், "எங்க பக்கம் ஓர் ஆள் குறையுது மிஸ்" என்றுதான் முறையிடுகிறார்கள். மிகை என்றால் குற்றம் என்று யாரும் தயங்க வேண்டா. குணமும் குற்றமும் நாடி அவற்றுள் 'மிகைநாடி' என்னும் 504ஆம் குறளில் அது விஞ்சி நிற்பதையே குறிக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான அளவுகோல் ஒன்று உண்டு. நடுவர் ஊதுவதற்கும் வட்டு மீண்டும் தளத்தில் விழுவதற்கும் இடையே, ஆட்டத்தின் பதற்றம் தொண்டையில் நிற்கும்போதே, ஒரே மூச்சில் கூவ வேண்டிய சொல் இது. 2014 பிப்ரவரியில் சோச்சி ஒலிம்பிக்கின் பெண்கள் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கா 2-0 என்று முன்னிலை. ஏறத்தாழ மூன்றரை நிமிடம் மீதமிருக்கையில் கனடாவின் பிரியான் ஜென்னர் ஒரு கோல் அடிக்கிறார். கனடா தன் கோல் காப்பாளரை வெளியே அழைத்துக்கொண்டு இன்னொரு தாக்குநரை இறக்குகிறது. அமெரிக்கப் பக்கமிருந்து வெளியேற்றிய வட்டு, ஆளில்லாத கனடாவின் கோலை நோக்கித் தளத்தின் முழு நீளமும் மெல்ல வழுக்கிப்போய்க் கம்பத்தில் இடித்து நிற்கிறது! ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மீதமிருந்தபோது மரி-பிலிப் பூலென் சமன் செய்கிறார். கூடுதல் நேரத்தில், நான்கு பேர் மூவரை எதிர்த்து நின்ற வேளையில், அவரே வெற்றிக் கோலையும் அடிக்கிறார். அந்த இரவில் கம்பளியை உதறிவிட்டு நான் கத்திய கத்தலில் வீடே விழித்துக்கொண்டது. கத்தியது தமிழ்ச்சொல் இல்லையே என்ற குறை மட்டும் இன்னும் இருக்கிறது.

உதகையிலிருந்து

அம்மையாருக்கு வணக்கம். தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், தேவையைத்தான் ஐயுறுகிறேன். எங்கள் ஊர் கிளப்பில் 1882இல் விதி வகுத்துத் தொங்கவிட்ட ஸ்னூக்கர் ஆட்டத்தின் பெயர், படைப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த கற்றுக்குட்டிகளைக் கேலி செய்த வழக்குச்சொல். பந்துக்கும் மேசைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் உலகம் முழுவதும் அதை அப்படியே சொல்கிறது. எவரும் பொருள் கேட்பதில்லை. பெயர் என்பது சுட்டினால் போதும், விளக்க வேண்டியதில்லை. பவர் பிளேயைப் பவர் பிளேயாகவே விட்டுவிடுவோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு ஆட்டம் பார்த்தால் தாமே புரிந்துகொள்வார்.

டொராண்டோவிலிருந்து

வணக்கம் அக்கா. இங்கே ஸ்கார்பரோவில் எங்கள் பிள்ளைகள் சறுக்குக் காலணியோடுதான் வளர்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றித் தமிழில் பேச எங்களுக்குத்தான் சொல் இல்லை. பஞ்சாபியர் 2008 முதல் தம் மொழியிலேயே தொலைக்காட்சி வருணனை செய்கிறார்கள். அவர்கள் வட்டுக்கு வைத்திருக்கும் பெயர் 'டிக்கி'. உருளைக்கிழங்கைத் தட்டிப் பொரிக்கும் அதே பலகாரம். கேட்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கிறது.

ஆள்மிகை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் உதைக்கிறது. நீங்களே எழுதிய சோச்சி ஆட்டத்தில், காப்பாளரை வெளியே அழைத்த பிறகு கனடாவின் தாக்குநர் ஆறு பேர், அமெரிக்கத் தரப்பில் ஐவர். அப்போதும் ஆள் மிகைதானே? ஆனால் யாரும் கூண்டில் இல்லை. அதைப் பவர் பிளே என்று எவரும் சொல்வதில்லை. இரண்டையும் உங்கள் சொல் கலந்துவிடாதா?

பழனியிலிருந்து

அன்புடையீர், ளகர ஈற்றின் முன் மெல்லினம் வந்தால் ளகரம் ணகரமாகத் திரியும். நாள் + மீன் நாண்மீன். நாள் + மலர் நாண்மலர். அவ்வாறே ஆள் + மிகை, ஆண்மிகை என்றே புணரும். பெண்கள் இறுதி ஆட்டத்தை எடுத்துக்காட்டிய அம்மையார், அங்கே 'ஆண்மிகை' என்று கூவுவதைக் கேட்க நான் ஆவலாக உள்ளேன். இணைச்சொல்லும் ஆள்குறை ஆகாது. வல்லினம் வருவதால் ஆட்குறை. இலக்கணத்தை விட்டுச் சொல்லாக்கம் செய்வது அரங்கின்றி வட்டாடுவதே.

மீண்டும் கோத்தகிரியிலிருந்து

மூவருக்கும் நன்றி. பழனிப் புலவர் ஐயாவின் கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறளை அவையில் எடுத்துக் கொடுத்தவளே நான்தானே.

முதலில் டொராண்டோத் தம்பிக்கு. நீங்கள் காப்பாளரை விட்டுவிட்டு எண்ணுகிறீர்கள். அவரையும் ஆளாகக் கணக்கில் சேருங்கள்: காப்பாளரை அழைத்துக்கொண்ட கனடா ஆறு பேர், காப்பாளரோடு நிற்கும் அமெரிக்காவும் ஆறு பேர். இரு தரப்பும் சமம். இடம் மாறி நிற்கிறார்கள், அவ்வளவே. அங்கே ஆள்மிகை இல்லை. கூடுதல் நேரத்தில் பூலென் வெற்றிக் கோல் அடித்தபோது காப்பாளர்களையும் சேர்த்துக் கனடா ஐவர், அமெரிக்கா நால்வர், அங்கே இருக்கிறது. உண்மையில் உங்கள் ஐயத்தால்தான் இச்சொல்லின் எல்லை எனக்கே தெளிவாயிற்று. இரு அணியிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொருவர் கூண்டுக்குப் போனாலும் ஆள்மிகை இல்லை என்பது இதே கணக்கில் அடங்கிவிடுகிறது.

உதகை ஐயா சொல்வதுபோல் ஓர் ஆட்டத்தின் பெயர் பொருளின்றியும் வாழும். ஸ்னூக்கர் என்னும் சொல் நம் மலையில் வந்து இறங்கியபோது அந்த இடம் காலியாக இருந்தது. பவர் பிளேயின் இடமோ காலியாக இல்லை. அங்கே கிரிக்கெட் குடியிருக்கிறது. ஐஸ், கோல், பெனால்டி ஆகியவற்றை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. தவறான கதவைத் திறக்கும் ஒரு சொல்லை மட்டும் மாற்றக் கேட்கிறேன். இரண்டு ஆட்டம் பார்த்தால் பெரியவருக்குப் புரிந்துவிடும் என்பது மெய்தான். அவர் அன்றைக்குப் பிறகு வரவில்லை என்பதும் மெய்.

இனிப் புணர்ச்சி. விதியை மறுக்க எனக்குத் தகுதியில்லை. விதியோடு வழக்கையும் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். தேர்வறையில் ஒருவருக்காக இன்னொருவர் எழுதினால் காவல் துறையும் நீதிமன்றமும் நாளிதழ்களும் 'ஆள்மாறாட்டம்' என்றே எழுதுகின்றன. 'ஆண்மாறாட்டம்' என்று எழுதிய ஒருவரை நான் கண்டதில்லை. எழுதினால் வழக்கே வேறாகிவிடும். பொருள் மயங்குமிடத்தில் ளகரத்தைத் திரிக்காமல் காப்பது இன்றைய தமிழ் ஏற்றுக்கொண்ட ஒழுக்கம். ஆள்மாறாட்டத்துக்குக் கிடைத்த சலுகை ஆள்மிகைக்கும் கிடைக்கட்டும்.

ஆள்குறையில் மட்டும் நான் தோற்றேன். வல்லினத்தின் முன் ஆட்குறை என்றே நா திரும்புகிறது. ஆட்கள், ஆட்கொல்லி என்று வழக்கும் ஐயா பக்கமே நிற்கிறது. ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் வாழும் எங்களுக்கு ஆட்குறை என்றதும் அடுத்த எழுத்துகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டு ஆட்குறைப்பு ஆகிவிடும். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பலரின் வீட்டில் அது விளையாட்டுச் சொல் அன்று. எனவே கூண்டுக்கு ஆளை அனுப்பிய அணியின் நிலையை, பிள்ளைகள் வாயில் உள்ளபடியே ஓராள் குறைவு, ஈராள் குறைவு என்று விரித்துச் சொல்லலாம். அந்த அணி அந்நேரத்தில் அடிக்கும் கோல் அரிது. அதற்கு இரண்டு சொல் செலவழித்தால் குற்றமில்லை.

இச்சொல் பனித்தளத்தோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் வளைதடியாட்டத்தில் (ஹாக்கியில்) பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் 17ஆம் நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, நம்மவர் பத்துப் பேர் எஞ்சிய நேரம் முழுவதும் தாக்குப்பிடித்து, ஸ்ரீஜேஷ் காத்து நிற்க, ஷூட் அவுட்டில் வென்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்று 40 நிமிடத்துக்கு மேல் பிரிட்டனுக்கு ஆள்மிகை. 2025இல் அல் ஐன் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்தியப் பெண்கள் பனி வளைதடி அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். குளத்து நீர் உறைந்தால்தான் ஆட்டம் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். எங்கள் மலையில் புல்நுனி வரைதான் உறைகிறது, வெயில் ஏறினால் அதுவும் இல்லை. ஆகவே எங்களுக்குப் பார்ப்பதும் கூவுவதும் மட்டுமே வாய்த்திருக்கிறது.

மறுப்பு இல்லையெனில் குழுவின் சொற்பட்டியலில் கீழ்க்கண்டவாறு சேர்க்கலாம்:

*ஆள்மிகை: (பெயர்) பனி வளைதடியாட்டம் முதலியவற்றில், எதிரணி ஆட்டக்காரர் தண்டனை பெற்று வெளியே இருப்பதால், காப்பாளரையும் சேர்த்து எண்ணுகையில் ஓர் அணிக்குக் களத்தில் ஆள் கூடியிருக்கும் நிலை. புணர்ச்சியில் ளகரம் திரியாது.*