சூடேற்றும் தெர்மோஸ்டாட்டை வைத்துக் காற்றாடி ஓட்டலாமா?

செத்தாப்பாக்_மாடிவீடு | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். என் தம்பி இங்கிலாந்தில் லெஸ்டரில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, அங்கே வீட்டைச் சூடாக்கும் பாய்லரை (வெந்நீர்க் கொதிகலன்) அறைச் சூட்டைப் பார்த்து இயக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டையும் கொண்டுவந்தான். சுவரில் மாட்டுவது ஒன்று, பாய்லருக்குப் பக்கத்தில் வைக்கும் ரிசீவர் ஒன்று, இணையத்துக்கு ஒரு சின்னப் பெட்டி. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் மலேசியாவில் இருப்பதுபோல மூன்று முனை பிளக்தான். மாட்டியதும் உயிர் வந்துவிட்டது.

எங்கள் தெரஸ் வீட்டில் அம்மா தூங்கும் மாடி அறை மேற்குப் பக்கம். சாயங்கால வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான். இரவு பத்து மணிக்குக் கை வைத்தால்கூட சுடும். ஏர்கோன் போட்டால் அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது. அதனால் மாடிப்படிக்கு மேலே 12 அங்குல எக்ஸாஸ்ட் காற்றாடி ஒன்று வைத்தேன். அது உள்காற்றை வெளியே தள்ளும், அம்மாவின் ஜன்னல் வழியாக வெளிக்காற்று வரும்.

தெர்மோஸ்டாட் அறை குளிர்ந்தால்தான் ரிசீவருக்குள் இருக்கும் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும். எனக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. ரிசீவரில் பொது முனை ஒன்று, ரிலே இழுத்தால் சேரும் முனை ஒன்று, இழுக்காதபோது சேர்ந்திருக்கும் முனை ஒன்று. காற்றாடியை மூன்றாவதில் இணைத்து 28 டிகிரி வைத்தேன். 28க்கு மேலே இருக்கும்வரை தெர்மோஸ்டாட் சூடு கேட்பதில்லை, காற்றாடி ஓடுகிறது. கீழே இறங்கினால் சூடு கேட்கிறது, காற்றாடி நின்றுவிடுகிறது. பத்து நாளாக அம்மா நன்றாகத் தூங்குகிறார். தங்கை அறைக்கும் இதையே செய்யப் போகிறேன்.

ஒரே ஒரு குறை. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் காற்றாடி விட்டுவிட்டு ஓடுகிறது. ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாயான்பாரு_மெயின்டனன்ஸ் | வெள்ளி, இரவு 10.25

பினாங்கில் தொழிற்சாலை மெயின்டனன்ஸில் 17 வருடம் இருக்கிறேன். முதலில் கேள்விக்குப் பதில். அந்தப் பொருள் பழுதாகவில்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது.

குளிர் நாட்டில் பாய்லரை அணைத்த பிறகும் ரேடியேட்டரில் சூடு தங்கியிருக்கும். 20 டிகிரி வந்த பிறகு அணைத்தால் அறை 21, 22 என்று ஏறிவிடும். அதனால் அந்த தெர்மோஸ்டாட்டுகள் பலவும் குறிவைத்த அளவை நெருங்கும்போதே பாய்லரைக் கொஞ்சம் ஓட்டி, கொஞ்சம் நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகக் கொண்டு போகும். எரிவாயு பாய்லருக்கு மணிக்கு ஆறு சுற்று என்பதுதான் வழக்கமான அமைப்பு. உங்கள் அறை மூன்று மணிக்கு 27.6, 27.5 என்று வந்திருக்கும். அது பாய்லரைச் சுற்று போட்டு ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பாய்லர் நிற்கும் நிமிடங்களில் எல்லாம் உங்கள் காற்றாடி ஓடுகிறது.

இதனால்தான் தங்கை அறைக்கு வேண்டாம் என்கிறேன். ஒரு கம்பியை மாற்றிவிட்டதால் ரிலே தலைகீழானது. உள்ளே இருக்கும் புரோகிராம் இன்னும் குளிர்காலத்துக்கு எழுதியதுதான். வீட்டில் ஆள் இல்லை என்றால் சூட்டைக் குறைக்க வேண்டும், சந்தேகம் வந்தால் பாய்லரை அணைக்க வேண்டும், உறைபனி மட்டும் வரக்கூடாது. அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான். ‘வெளியூர்’ என்று அழுத்தினால் 15, 16க்கு இறங்கும். ‘ஆஃப்’ என்றால் ஐந்து, ஏழு டிகிரிக்குப் போகும். கோலாலம்பூரில் எந்த அறை அவ்வளவு குளிரும்? ஆஃப் செய்தால் உங்கள் காற்றாடி இரவும் பகலும் ஓடும்.

செத்தாப்பாக்_மாடிவீடு | வெள்ளி, இரவு 11.10

பத்து நிமிடக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. நன்றி அண்ணே. ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை.

பேட்டரி தீர்ந்தால், சிக்னல் போனால், ரிசீவர் பாய்லரை அணைத்துவிடும். என் வீட்டில் அதற்கு அர்த்தம் காற்றாடி ஓடும் என்பது. நல்லதுதானே? புழுக்கமான அறையில் வயதானவர் தூங்கும்போது காற்றாடி நின்றுபோவதைவிட ஓடுவது மேல். ‘ஆஃப்’ தலைகீழ் என்றால் அதை நினைவில் வைத்துக்கொண்டால் போகிறது. பகலில் ஓடக்கூடாது என்று காலை எட்டு முதல் இரவு எட்டு வரை 32 என்று நேரம் போட்டு வைத்திருக்கிறேன். நல்ல பொருளைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்க எனக்கு மனம் வரவில்லை.

செந்தூல்_மல்லிகை | சனி, காலை 7.05

தம்பி, ஒன்று கேட்கிறேன். அம்மாவால் காற்றாடியைக் கையால் நிறுத்த முடியுமா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சுமத்ரா புகைமூட்டம் வந்து பள்ளிக்கூடங்களை எல்லாம் மூடினார்களே, அப்போது என் மாமியார் எங்களோடு இருந்தார். ஆஸ்துமா உள்ளவர். சமையலறை எக்ஸாஸ்ட் ஓடினால் முன்பக்கத்து ஜன்னல் இடுக்கு வழியாகப் புகை உள்ளே வருவதைக் கண்ணால் பார்த்தோம். உள்காற்றை வெளியே தள்ளும் காற்றாடி, அதே அளவு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெளியில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும்.

நீங்கள் ‘ஓடுவது மேல்’ என்கிறீர்கள். சீலிங் காற்றாடிக்கு அது சரி. அது அறைக் காற்றைக் குளிர வைப்பதில்லை, வியர்வையை உலர்த்தி நம் உடம்புக்குத்தான் சுகம் தருகிறது. எக்ஸாஸ்ட் செய்வது வேறு வேலை. மதியம் இரண்டு மணிக்கு வெளியே 33, அறையில் 31 என்றால், சூட்டைக் காசு கொடுத்து உள்ளே இழுக்கிறோம்.

பாயான்பாரு_மெயின்டனன்ஸ் | சனி, காலை 8.30

அக்கா சொன்னதற்கு மேலே ஒன்று. 32 போட்டு வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நெஸ்ட், ஹைவ் போன்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகளில் வைக்கக்கூடிய உச்ச அளவே 32தான். ஐரோப்பாவில் அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? மேற்குச் சுவர் அறை சாயங்காலம் ஐந்து மணிக்கு 33 ஆனால் என்ன செய்வீர்கள்? காற்றாடியை நிறுத்த செயலியில் வழியே இல்லை.

இன்னொன்று. செயலியில் ‘வீட்டைவிட்டுப் போனால்’ என்று ஒரு வசதி இருக்கும். உங்கள் கைப்பேசி வீட்டைவிட்டுத் தூரம் போனதும் சூட்டைக் குறைக்கும். அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசிதான் வெளியே போயிருக்கிறது, அம்மா வீட்டில்தான் இருக்கிறார்.

செத்தாப்பாக்_மாடிவீடு | சனி, காலை 11.45

பார்த்தேன். இயக்கத்தில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். புதன்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு காற்றாடி ஓட ஆரம்பித்து, நான் திரும்பும்வரை நிற்கவில்லையாம். ‘நீதான் அங்கிருந்து போட்டிருப்பாய் என்று நினைத்தேன்’ என்கிறார். மதியம் அறை அனலாக இருந்ததால் கீழே வந்து சோபாவில் படுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவும் இல்லை. அவரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது, காற்றாடிக்கு நான் தனி சுவிட்சும் வைக்கவில்லை. அக்கா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

அந்த வசதியை அணைத்துவிட்டேன். ஆனாலும் இரவில் இது செய்யும் வேலை உண்மை. நேற்று எட்டு மணிக்கு மழை விட்டதும் வெளியே 25 இருந்தது, அறையில் 31. பதினொரு மணிக்கு அறை 28.5க்கு வந்தது. காற்றாடி வைப்பதற்கு முன்னால் நள்ளிரவானாலும் 30க்குக் கீழே இறங்காது. இதை விடச் சொல்லாதீர்கள்.

பாயான்பாரு_மெயின்டனன்ஸ் | சனி, பகல் 12.20

காற்றாடியை விடச் சொல்லவில்லை தம்பி. அது அருமையான ஏற்பாடு. அதற்குக் கட்டளையிடும் ஆளைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

உங்களுக்குத் தேவை இரண்டு சென்சார், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே 28க்கு மேல் இருக்க வேண்டும், வெளியே அதைவிட இரண்டு டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஓடட்டும். மதிய வெயிலில் தானாக நிற்கும். பகலில் மழை பெய்து வெளியே குளிர்ந்தால் தானாக ஓடும். நீங்கள் நேரம் போட்டு வைத்தால் அந்த மழைக் குளிர்ச்சி வீணாகிறது, யோசித்துப் பாருங்கள்.

பழைய கணினி ஏதாவது சும்மா கிடந்தால் ஹோம் அசிஸ்டண்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளைப் போடுங்கள், காசு இல்லை. இந்த இரண்டு நிபந்தனையையும் ஒரே விதியில் எழுதலாம், ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் போதும். கணினி வேண்டாம் என்றால் எஸ்டிசி-1000 என்ற சின்ன வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. சூடாக்க ஒரு ரிலே, குளிராக்க ஒரு ரிலே என்று இரண்டும் உள்ளே உண்டு. வெளிச் சூட்டை அது பார்க்காது, ஆனால் குளிர்ப்பு என்றால் என்ன என்று அதற்குத் தெரியும். ஜாலான் பாசாரில் தேடிப் பாருங்கள். உங்கள் தம்பி அமெரிக்காவில் இருந்திருந்தால்கூட இந்தப் பேச்சு வந்திருக்காது. அங்கே தெர்மோஸ்டாட்டில் சூட்டுக்கு ஒரு கம்பி, குளிருக்கு ஒரு கம்பி, காற்றாடிக்கு ஒரு கம்பி என்று தனித்தனியாகவே இருக்கும். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பாய்லர்தான், அதனால் பாய்லரை இழுக்கும் ரிலே மட்டும் வைத்திருக்கிறார்கள்.

செத்தாப்பாக்_மாடிவீடு | சனி, பகல் 1.05

அந்த இரண்டு டிகிரி விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பழைய கணினி, விதி, சர்வர் என்று போனால் நான் வெளியூர் போகும்போது அதை யார் பார்ப்பது? தெர்மோஸ்டாட் ஒன்றரை வருடம் லெஸ்டரில் யாரும் தொடாமல் ஓடியது.

ஈப்போரோடு_வயர்மேன் | சனி, மாலை 4.40

எல்லாரும் சென்சாரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கம்பியைப் பற்றிப் பேசுகிறேன்.

ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 3(1) ஆம்பியர் என்பதுபோல எழுதியிருந்தால், சாதாரணச் சுமைக்கு 3, மோட்டார் போன்ற சுமைக்கு அடைப்புக்குள் இருக்கும் 1 என்று அர்த்தம். 12 அங்குல எக்ஸாஸ்ட் ஒன்று தாங்கும். தங்கை அறைக் காற்றாடியையும் அதே ரிலேயில் தொங்கவிடாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி நின்றால் ரிலே முனையில் பொறி பறந்து ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் செயலி என்ன சொன்னாலும் காற்றாடி நிற்காது. நடுவில் ஒரு காண்டாக்டர் (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலே) வைப்பதுதான் முறை.

எந்த மூளையை வைத்தாலும் சரி, அம்மாவின் கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். காற்றாடிக்குப் போகும் லைவ் கம்பியிலேயே, வரிசையில். அணைத்தால் அணைந்துவிட வேண்டும். வைஃபை, பேட்டரி எதையும் கேட்கக்கூடாது.

நீங்களே கம்பி இழுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1994 மின் ஒழுங்குமுறைப்படி அது எரிசக்தி ஆணையத்தில் பதிவு செய்த வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. கோபத்தில் சொல்லவில்லை. மாடியில் வயதானவர் தனியாக இருக்கிறார்.

செந்தூல்_மல்லிகை | சனி, இரவு 8.15

வயர்மேன் அண்ணன் சொன்ன சுவிட்சை முதலில் வையுங்கள் தம்பி. சென்சார் அடுத்த மாதம் வந்தாலும் பரவாயில்லை. புகைமூட்டக் காலத்துக்கு அது ஒன்றே போதும்.

செத்தாப்பாக்_மாடிவீடு | ஞாயிறு, காலை 10.30

சரி. தங்கை அறைக்கு இப்போது செய்யவில்லை. தெர்மோஸ்டாட்டை அம்மாவின் அறைச் சுவரிலேயே விட்டுவைக்கிறேன், வேலையிலிருந்தபடி அறைச் சூட்டைப் பார்க்க எனக்கு அது வேண்டும். காற்றாடியை அதிலிருந்து பிரித்துவிடுகிறேன். பின்பக்கம் துணி காயும் இடத்தில், நிழலில், ஒரு சென்சார் தொங்கவிட்டுப் பார்த்தேன். இப்போது வெளியே 29, அறையில் 29.5. பாயான் பாரு அண்ணே, உங்கள் விதிப்படி ஓடக்கூடாது. நேற்றுவரை என் ஏற்பாட்டில் காலை எட்டு மணிவரை ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு டிகிரியை ஒன்றரை ஆக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது. ஒரு வாரம் இரண்டு பக்கத்து அளவையும் எழுதி வைத்துவிட்டு வருகிறேன்.

வயர்மேன் அண்ணே, சுவிட்சும் காண்டாக்டரும் போட நீங்கள் வர முடியுமா?

ஈப்போரோடு_வயர்மேன் | ஞாயிறு, காலை 11.20

செவ்வாய் சாயங்காலம் வருகிறேன். அதுவரை ரிசீவர், காற்றாடி இரண்டுக்கும் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். எட்டு அடி ஏணி இருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வையுங்கள். சுவிட்சை எங்கே வைப்பது என்று அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்துக் கை நீட்டச் சொல்லி, சுவரில் பென்சிலால் ஒரு குறி போட்டு வையுங்கள்.